சட்டனூகா போகிறவர்களுக்கு: போய் வந்தவர்கள் சொல்வது

நாஷ்வில்லிலிருந்து

அக்டோபர் கடைசியில் அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு டென்னசியின் சட்டனூகாவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். இருவரும் திருச்சியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் படி ஏற முடியாது. சுத்த சைவம். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் இருப்பது ஒரு வார இறுதிதான். ரூபி ஃபால்ஸ், ராக் சிட்டி, மலை ரயில் மூன்றுக்கும் சேர்த்தே டிக்கெட் வாங்கிவிடலாமா? தவறவிடக் கூடாத இடம் வேறு ஏதாவது இருக்கிறதா? போனவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அட்லாண்டாவிலிருந்து

மூன்றையும் ஒரே நாளில் அடுக்காதீர்கள் தம்பி. எல்லாமே லுக்அவுட் மலையில்தான் இருக்கின்றன, தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் வரிசை, நடை, காத்திருப்பு என்று மணிக்கணக்கில் போய்விடும். எங்களுக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்பதால் ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவது வழக்கம். அதை வைத்துச் சொல்கிறேன்.

அம்மாவுக்காக ராக் சிட்டியை விட்டுவிடலாம். அழகான இடம்தான், 1932இல் திறந்தது. ஆனால் அதன் அழகே பாறை இடுக்குகளில் நுழைந்து, படி ஏறி இறங்கி நடப்பதில்தான் இருக்கிறது. முழங்கால் வலியோடு அது வதை. மலை உச்சியிலிருந்து ஏழு மாநிலங்கள் தெரியும் என்று விளம்பரம் செய்வார்கள். அதை நம்பிப் போக வேண்டாம், முன்னால் விரியும் பள்ளத்தாக்கைப் பார்க்கவே போகலாம்.

ரூபி ஃபால்ஸ் பரவாயில்லை. லிஃப்டில் மலைக்குள் இறக்கிவிடுவார்கள். அப்புறம் குகைக்குள் போக வர ஒரு மைல் அளவுக்கு நடை. உள்ளே வருடம் முழுக்க ஒரே குளுமை, மெல்லிய ஸ்வெட்டர் போதும். கடைசியில் 145 அடி உயரத்திலிருந்து மலையின் வயிற்றுக்குள் தண்ணீர் கொட்டுகிறது. 1928இல் லியோ லாம்பர்ட் என்பவர் கண்டுபிடித்து மனைவியின் பெயரையே வைத்தார். வண்ண விளக்குகளும் பாட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. விளக்கு போடுவதற்கு முன் கேட்கும் அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான் உடம்பைச் சிலிர்க்க வைத்தது.

உங்கள் அப்பாவுக்கு அந்த மலை ரயிலைக் கட்டாயம் வையுங்கள், இன்க்ளைன் ரயில் என்பார்கள். 1895இலிருந்து ஓடுகிறது. மேலே நெருங்கும் இடத்தில் சரிவு 72.7 சதவீதம், இருக்கையில் முதுகு ஒட்டிக்கொள்ளும். என் மாமனாருக்குச் சொந்த ஊர் பழனி. ஏறி உட்கார்ந்ததுமே, "அட, நம்ம விஞ்ச்!" என்றார். அதே ஏற்பாடுதான்: ஒரு பெட்டி ஏறும்போது இன்னொன்று இறங்கும், பாதி வழியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று கடக்கும். இறங்கும்போது வண்டியை ஓட்டிய பெரியவரிடம் மாமனார் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கம்பிவடத்தின் தடிமனைக் கேட்டார். அவர் சலித்துக்கொள்ளவில்லை. எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்தார். மோட்டார் மேல் நிலையத்தில் இருப்பது, கம்பிவடம் அறுந்தால் பிரேக் எப்படித் தண்டவாளத்தைக் கவ்வும் என்பது என எல்லாவற்றையும் இரண்டு கைகளாலும் செய்து காட்டினார். மாமனார் பழனி விஞ்சின் படத்தை போனில் காட்ட, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். அடுத்த வண்டிக்கு மணி அடித்த பிறகுதான் இருவரும் கை குலுக்கிப் பிரிந்தார்கள். ஊருக்கு போன் போட்டால் இன்றைக்கும் அவரைத்தான் மாமா விசாரிக்கிறார். அப்பாவைப் பேச விடுங்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு நின்று பேச நேரம் இருக்கிறது.

மேலே இறங்கியதும் நடக்கிற தூரத்தில் பாயிண்ட் பார்க். 1863 நவம்பரில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சண்டை நடந்த இடம், பீரங்கிகள் அப்படியே நிற்கின்றன. கீழே டென்னசி ஆறு மாக்கசின் செருப்பு வடிவத்தில் வளைந்து போவது முழுதாகத் தெரியும். அங்கே அவசரப்பட வேண்டாம்.

நாக்ஸ்வில்லிலிருந்து

அம்மா சைவம் என்பதால் இதை எழுதுகிறேன். "வெஜிடேரியன்" என்று சொன்னால் மட்டும் போதாது. தெற்கத்திச் சாப்பாட்டுக் கடைகளில் காய்கறிப் பட்டியல் என்று தனியாக ஒன்று இருக்கும். அதில் இருக்கிற பீன்ஸ், காலர்ட் கீரை, பின்டோ பயறு எல்லாமே பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைத்தவை. மக்ரோனி சீஸ்கூடக் காய்கறிக் கணக்கில்தான் வரும்!

என் அத்தையோடு அப்படி ஒரு கடையில் உட்கார்ந்திருந்தோம். பரிமாற வந்த அம்மாள் அறுபது வயதைத் தாண்டியவர், எல்லோரையும் "ஹனி" என்றுதான் கூப்பிட்டார். அத்தைக்கு எது ஆகும் ஆகாது என்று நான் விளக்க ஆரம்பித்ததும் மெனு அட்டையை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது ஆகாதவற்றையெல்லாம் பென்சிலால் அடித்திருந்தார். மிச்சம் நாலைந்துதான். சோளமாவு தோய்த்துப் பொரித்த வெண்டைக்காய், வறுத்த பச்சைத் தக்காளி, கோல்ஸ்லா இப்படி. "இதை எண்ணெயில் பொரிக்கிறோம், கொழுப்பில் இல்லை, கேட்டுவிட்டேன்" என்று அவராகவே சொன்னார். அத்தை இரண்டாவது தட்டு வெண்டைக்காய் வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் பேசியது இன்னொருவருக்குப் புரியவே இல்லை.

ஆகவே "இறைச்சி போட்டு வேகவைத்ததா, எந்த எண்ணெய்?" என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்வீட் டீ சர்க்கரைப் பாகு மாதிரி இருக்கும், வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் "அன்ஸ்வீட்" என்று சொல்லி வாங்குங்கள்.

ஹண்ட்ஸ்வில்லிலிருந்து

மேலே யாரும் சொல்லாததால் சொல்கிறேன். வால்நட் தெருப் பாலத்துக்குப் போங்கள். டிக்கெட் கிடையாது, படி கிடையாது. 1891இல் திறந்த இரும்புப் பாலம். 1978இல் வண்டிகளை நிறுத்தினார்கள், 1993இல் நடப்பவர்களுக்காகத் திறந்துவிட்டார்கள். 2,376 அடி நீளத்துக்கு மரப்பலகையில் நடந்துகொண்டே ஆற்றைக் கடக்கலாம். அந்தக் கரையில் கூலிட்ஜ் பூங்கா, குழந்தைகள் இருந்தால் அங்கே ராட்டினம் உண்டு. பலகைப் பாலம் என்பதால் பராமரிப்புக்காக மூடுவதும் உண்டு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்கரை முனையில் ஒரு நினைவிடம் இருக்கிறது, 2021இல் திறந்தது. எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞருடையது. செய்யாத குற்றத்துக்கு 1906இல் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். நோவா பார்டன், ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸ் என்ற இரண்டு கறுப்பின வழக்கறிஞர்கள் உயிரைப் பணயம் வைத்து வழக்கை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனார்கள். தண்டனையை நிறுத்தி வைத்து உத்தரவும் வந்தது. உத்தரவு வந்த அன்று இரவே ஒரு கும்பல் சிறையை உடைத்து அவரை இழுத்து வந்து இதே பாலத்தில் தூக்கிலிட்டது. காவலில் தவறிய ஷெரிஃபை உச்ச நீதிமன்றமே நேரடியாக விசாரித்து 1909இல் தண்டித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் நடத்திய ஒரே குற்ற விசாரணை அதுதான். ஜான்சன் மீதான தீர்ப்பு ரத்தானது 2000இல்.

நாங்கள் போயிருந்தபோது ஒரு கறுப்பினப் பாட்டி, பத்து வயதிருக்கும் பேரனை வெண்கலச் சிலைகளுக்கு முன்னால் நிறுத்தி, எழுதியிருந்ததை அவனையே வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தடுமாறிய இடத்தில் திருத்தினார், அவசரப்படுத்தவில்லை. நாங்கள் ஒதுங்கி நின்றதைப் பார்த்து, "பக்கத்தில் வாருங்கள், இது உங்களுக்கும்தான்" என்றார். என் மகளும் அந்தப் பையனும் மாறி மாறி ஒரு வரி, ஒரு வரியாக வாசித்து முடித்தார்கள். கறுப்பின மக்கள் பாலத்தில் நடப்பதையே தவிர்த்த காலம் தங்கள் குடும்பத்தில் இருந்ததாகப் பிறகு பேசும்போது சொன்னார். ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் இது எதற்கு என்று யாராவது நினைக்கலாம். எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனதே அங்கேதான்: நடந்ததை மறைக்காமல், எல்லோரும் நடக்கிற பாதையில் வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து ஆற்றோரமாக மீன் காட்சியகத்தின் பக்கம் இறங்கினால் ராஸ்ஸஸ் லேண்டிங். 1838இல் செரோக்கி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து துரத்தியபோது படகேற்றிய துறைகளில் ஒன்று. படிகளில் தண்ணீர் ஓடவிட்டு நினைவுச்சின்னமாக்கியிருக்கிறார்கள். அதையும் பாருங்கள்.

சட்டனூகாவிலேயே வசிப்பவர்

எல்லோரும் எங்கள் ஊரைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்க்க மனசு நிறைந்துவிட்டது. நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்.

நாஷ்வில் மத்திய நேரம், நாங்கள் கிழக்கு நேரம். வரும்போது ஒரு மணி நேரம் போய்விடும். ரூபி ஃபால்ஸ் டிக்கெட்டில் நேரம் குறித்திருப்பார்கள், எங்கள் நேரத்துக்குக் கணக்குப் போட்டு எடுங்கள். ஐ-24 நெடுஞ்சாலையில் மான்டீகிள் மலை இறக்கத்தில் லாரிகளுக்குப் பக்கத்தில் ஒட்டிப் போகாதீர்கள், பிரேக் பிடிக்காத லாரிக்கென்றே அங்கே தனிப் பாதை போட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை வந்தால் மீன் காட்சியகம். அதில் ஆற்று மீன்கள் இருக்கிற கட்டடத்தில் மேலே ஏறுவதற்கு எஸ்கலேட்டர், பிறகு சாய்தளத்திலேயே இறங்கிக்கொண்டு வரலாம், அம்மாவுக்குச் சிரமமில்லை. நகர மையத்துக்குள் இலவச மின்சாரப் பேருந்து ஓடுகிறது, காரை ஓரிடத்தில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அக்டோபரில் காலையில் மலை மேல் மூடுபனி இறங்கிவிடும், உச்சிக்குப் போனால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. எழுந்ததும் ஜன்னல் வழியாக லுக்அவுட் மலையைப் பாருங்கள். உச்சி தெரியவில்லை என்றால் காலையில் குகை, மதியம் மலை ரயில் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.