ஆறாம் அதிகாரி மூடியின் கடைசி ஐம்பது நிமிடம்

கோர்ட் டைப்பிஸ்ட், அம்மாப்பேட்டை

வணக்கம். முப்பத்தொரு வருடம் சாட்சிகளின் வாக்குமூலம் தட்டியே விரல் தேய்ந்தவன் நான். ரிட்டயர் ஆகியும் புத்தி போகவில்லை. இப்போது டைட்டானிக் விசாரணையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். லண்டனில் கேட்டவை மட்டும் 25,000 கேள்விகளுக்கு மேல். நான் தேடுவது ஒரே ஆளை: ஆறாம் அதிகாரி ஜேம்ஸ் மூடி. வயது 24. இளநிலை அதிகாரிகள் நால்வரில் இறந்தவர் அவர் ஒருவர்தான். செத்தவரைக் கூண்டில் ஏற்ற முடியாதே. அதனால் மற்றவர்களின் பதில்களில் அங்கங்கே தலைகாட்டிவிட்டு மறைந்துபோகிறார்.

1912 ஏப்ரல் 14 இரவு. மிதக்கும் சின்னப் பனிக்கட்டிகளையும் கவனிக்கச் சொல்லும்படி, கொடிமர உச்சிக் கூண்டில் நிற்கும் காவலர்களுக்கு மூடியைப் போன் செய்யச் சொல்கிறார் இரண்டாம் அதிகாரி லைட்டோலர். மூடி ஒரு வார்த்தையை விட்டுவிடுகிறார். லைட்டோலர் மறுபடி கூப்பிட்டுச் சொல்ல வைக்கிறார். (எங்கள் ஷெரஸ்தாரும் இப்படித்தான், ஒரு கமா விட்டால் பக்கத்தையே திரும்ப அடிக்கச் சொல்வார்.) 11.40க்குக் கூண்டிலிருந்து மணி, பிறகு போன். "நேர் எதிரே பனிப்பாறை" என்று கூண்டுக் காவலர் ஃபிளீட் சொன்னதும் "நன்றி" என்று பதில் வருகிறது. எடுத்தவர் யாரென்று ஃபிளீட்டுக்குத் தெரியாது. சுக்கான் பிடித்திருந்த ஹிச்சன்ஸ் சொல்லித்தான் அது மூடி என்று தெரிகிறது.

அப்புறம் படகுகள். ஐந்து படகுகள் அதிகாரி இல்லாமல் போய்விட்டன, இதில் ஒருவர் போக வேண்டும், நீயா நானா என்று ஐந்தாம் அதிகாரி லோ கேட்கிறார். "நீங்கள் போங்கள், நான் வேறு படகில் வருகிறேன்" என்கிறார் மூடி. லோ ஏறிய 14ஆம் படகு இறங்கியது சுமார் 1.30க்கு. கப்பல் மூழ்கியது 2.20க்கு.

இடையில் எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு காட்சி. விளக்குகளுக்குப் பொறுப்பாளரான ஹெம்மிங் கப்பியில் சிக்கிய கயிற்றைச் சரிசெய்து, அந்தக் கப்பியை அதிகாரிகள் அறைக் கூரைக்குத் தூக்கிக் கொடுக்கிறார். கூரையிலிருந்து மூடி சொல்கிறார்: "கப்பி வேண்டாம். படகைத் தளத்திலேயே விட்டுவிடுவோம்."

என் கேள்வி இதுதான். படகை இறக்கக் கப்பி வேண்டாமா? ஏன் அப்படிச் சொன்னார்? கடல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் பார்த்த தண்ணீர் மேட்டூர் அணையோடு சரி.

பழைய போசன், ஏற்காடு

அண்ணா, 22 வருடம் சரக்குக் கப்பலில் போசனாக, அதாவது தள வேலையாட்களின் மேஸ்திரியாக, இருந்துவிட்டு இப்போது நாகலூர் பக்கம் காப்பியும் மிளகும் பார்க்கிறேன். கேட்டது நல்ல கேள்வி.

படகின் இரு முனையிலும் ஒவ்வொரு கப்பி. மேலே படகைத் தொங்கவிடும் இரும்புக் கைக்கும் இந்தக் கப்பிக்கும் நடுவே கயிறு பல தடவை போய் வரும். ஒரு படகை இறக்கி அனுப்பினால் கப்பி தண்ணீர் மட்டத்தில் தொங்கும். அடுத்த படகுக்கு அதைக் கையால் மேலே இழுக்க வேண்டும். இழுக்கும்போது புரண்டால் கயிறு ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறுகிவிடும். கிணற்று ராட்டினத்தில் பார்த்திருப்பீர்கள். ஹெம்மிங் எடுத்துவிட்டது அந்தச் சிக்கைத்தான்.

மூடி நின்ற கூரையில் இருந்தது ஏ என்ற மடக்குப் படகு. அது வலப்பக்கம். கப்பல் அப்போது இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஆக, படகைத் தளத்தில் இறக்கி, மேட்டில் இழுத்துப் போய்த்தான் கொக்கி மாட்ட வேண்டும். நேரம் இல்லை. மாட்டாமல் விட்டால் தண்ணீர் ஏறும்போது படகு தானாக மிதக்கும். மாட்டிய பிறகு தண்ணீர் வந்தால் கப்பல் படகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இருட்டில், கூரை மேல் நின்று, இருபத்துநாலு வயசுப் பையன் இதை யோசித்திருக்கிறான் என்றால் தொழில் தெரிந்தவன்.

குரங்குச்சாவடி வாசகன்

ஓர் அதிகாரி தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்கிறார்களே, அது இவராக இருக்குமோ?

கோர்ட் டைப்பிஸ்ட், அம்மாப்பேட்டை

தம்பி, அந்தக் கதையை ஆளுக்கொரு பெயரில் சொன்னார்கள். கேப்டன் என்றார்கள், முதல் அதிகாரி என்றார்கள். மூடியை அதில் கோர்க்க ஒரு சாட்சிகூட இல்லை. அந்தப் பக்கத்தை நான் நோட்டில் ஏற்றவில்லை.

போசன் சார், நீங்கள் சொன்னதும் என் மண்டையில் இன்னொரு முடிச்சு. எட்வர்ட் பிரவுன் என்ற ஸ்டீவர்ட் அதே படகைப் பற்றிச் சொல்கிறார்: கயிறுகளை மாட்டினோம், சாய்வினால் இரும்புக் கை வரை கொண்டுபோக முடியவில்லை, தண்ணீர் வந்ததும் கயிற்றை வெட்டினோம். இருவரில் யாரை நம்புவது?

பழைய போசன், ஏற்காடு

இருவரையும்தான். ஹெம்மிங் வேலையாகாது என்று கிளம்பி, பின்பக்கக் கயிற்றில் சறுக்கி, நீந்தி 4ஆம் படகைப் பிடித்துவிட்டார். பிரவுன் சொல்வது அதற்குப் பிந்தையது. அந்தப் பக்கம் முதல் அதிகாரி மர்டாக் இருந்தார். ஆறாம் அதிகாரி வேண்டாம் என்றதை மேலதிகாரியான அவர் மாட்டச் சொல்லியிருக்கலாம். இது என் ஊகம். கடைசியில் வெட்ட வேண்டி வந்ததே, அதைப் பாருங்கள்.

கோர்ட் டைப்பிஸ்ட், அம்மாப்பேட்டை

சரி, பென்சிலில் எழுதிக்கொண்டேன். மர்டாக் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த ஏ படகு தண்ணீர் நிறைந்தபடியே மிதந்துபோனது. முழங்கால் நீரில் நின்றவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டவர் யார் தெரியுமா? 14ஆம் படகில் வந்த லோ. மூடி அதில் இல்லை. அப்போது லோ என்ன நினைத்தார் என்று எந்த வக்கீலும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஏற்காடு பஸ் ஏறுகிறேன். வீட்டில் பழைய கப்பி ஏதும் கிடந்தால் எடுத்து வையுங்கள், கயிறோடு.