விடுதலையை நினைக்கிற ஆராதனைக்கு எந்தச் சங்கீதம்?

உடுவில் பெடியன்:
வாற ஞாயிறு ஆராதனை எங்கட வாலிபர் ஐக்கியத்தின்ர பொறுப்பு, ஒடுக்கத்தில இருந்து கர்த்தர் மீட்டதை நினைக்கிற சங்கீதம் ஒண்டு வாசிக்கோணும், ஆனா சபையில 1995ல சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால மழைக்க நடந்துபோன ஆக்களும் இருக்கினம், பிள்ளையள் இன்னும் திரும்பி வராத அம்மாக்களும் இருக்கினம், அவைக்கு முன்னால வெறும் வெற்றிப்பாட்டா வாசிக்க மனம் வருதில்லை. எது பொருந்தும்?

மானிப்பாய் அக்கா:
தம்பி 136 எடுங்கோ. 26 வசனத்துக்கும் முடிவில “அவர் கிருபை என்றுமுள்ளது” எண்டு வருது, ஒராள் முன்பாதி வாசிக்க சபை மற்றதைச் சொல்லலாம், கண் தெரியாத ஆச்சிமாருக்கும் புத்தகம் தேவையில்லை. எகிப்து, செங்கடல், பார்வோன் எல்லாம் சொல்லிப்போட்டு 23ல எங்கட தாழ்வில எங்களை நினைச்சவர் எண்டு வரும், 25ல எல்லாருக்கும் சாப்பாடு குடுக்கிறவர் எண்டு. எனக்கு அந்த இடம் சரியான விருப்பம்.

பருத்தித்துறை அண்ணை:
அதோட 126ஐயும் சேருங்கோ. முதலாம் வசனத்தில கர்த்தர் சிறையிருப்பைத் திருப்பினார் எண்டு சந்தோசப்படுகினம், நாலாம் வசனத்தில எங்கட சிறையிருப்பைத் திருப்பும் எண்டு திரும்பவும் கேக்கினம். வந்து சேர்ந்தவையும் வராதவையும் ஒரே பாட்டுக்குள்ள இருக்கினம். வாசிச்ச உடன கீபோர்ட் அடிக்காதேங்கோ, கொஞ்சநேரம் சனத்தை அழ விடுங்கோ.

உடுவில் பெடியன்:
அப்ப முதல் 126, பிறகு ஜெபம், கடைசியா 136. காணாமல் போனவையின்ர பேரை ஜெபத்தில சொல்லலாமோ அண்ணை?

பருத்தித்துறை அண்ணை:
சொல்லலாம் தம்பி, ஆனா முதல்லயே அந்தந்த வீட்டுக்குப் போய்க் கேட்டிட்டு.