அம்மா தேறியிருக்கிறார், ஊதும் சோதனை மாறவில்லை: எதை நம்புவது?

அம்மாவுக்குக் கடுமையான ஆஸ்துமா. 4 வாரத்துக்கு ஒருமுறை மெபோலிசுமாப் 100 மில்லிகிராம் ஊசி போட்டு 6 மாதம் ஆகிறது. மருந்து வேலை செய்கிறதா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

ஸ்பைரோமெட்ரியில் (நுரையீரல் திறனை அளக்கும் ஊதும் சோதனை) முதல் நொடியில் ஊதும் அளவு, இருக்க வேண்டியதில் 58 சதவீதத்திலேயே நிற்கிறது. ஆனால் ஆஸ்துமா கட்டுப்பாட்டுக் கேள்வித்தாளில் 25க்கு 9 ஆக இருந்த மதிப்பெண் இப்போது 16. 3 கூடினாலே கவனிக்க வேண்டிய மாற்றம்தான், ஆனால் நல்ல கட்டுப்பாட்டுக்கு 20 வேண்டும். தினசரி பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு மருந்து) 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகியிருக்கிறது. ஊசிக்கு முந்தைய 6 மாதத்தில் 3 முறை திணறல் முற்றியது, இப்போது ஒரே முறை.

இன்ஹேலர் இழுக்கும் முறையைச் சரிபார்த்தாயிற்று. பீக் ஃப்ளோவும் (வீட்டிலேயே ஊதி அளக்கும் மூச்சு வேகம்) தினமும் எழுதி வைக்கிறோம். அப்புறம், இரவில் தூங்குகிறார். எனக்கு அது பெரிய விஷயம்.

ஊசியைத் தொடர்வதா என்று மருத்துவரிடம் பேசும்போது நீங்கள் எந்த அளவீட்டை முதன்மையாக எடுத்துக்கொண்டீர்கள்?