"வேணும்னா கேளு" என்றால் கேட்க மாட்டார்கள்

பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் சீனியராகச் சில ஆண்டுகள் இருந்தேன். இந்த முறை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். "எது வேணும்னாலும் கேளு" என்று நாம் எல்லோருமே சொல்வோம். உண்மையில் திணறுகிற பிள்ளை கேட்காது. கேட்டால் மக்கு என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், எதைக் கேட்பது என்றே புரியாத நிலை இன்னொரு பக்கம். நாம்தான் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ஒரு மாணவி, பள்ளியில் எப்போதும் முதலிடம். இங்கே முதல் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. அப்புறம் வகுப்புக்கு வருவதே குறைந்துபோனது. நூலகத்தில் கடைசி மேசையில் இருந்தவளிடம் போய் நோட்டைக் காட்டச் சொன்னேன். ஸ்லைடில் இருந்த அத்தனை வரியும் முத்து முத்தான கையெழுத்தில், மூன்று நிறத்தில் அடிக்கோட்டுடன் இருந்தது. "இதை மூடி வச்சிட்டு, இந்தப் பாடம் எதைப் பத்தினதுன்னு சொல்லு" என்றேன். இரண்டு வாக்கியத்தோடு நின்றுவிட்டாள். "திரும்பத் திரும்பப் படிச்சேன் அக்கா" என்றபோது குரல் உடைந்தது.

உழைப்பில் அவளிடம் குறையே இல்லை. உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனையை அவளுக்குச் சொன்னேன். படித்த ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தால், மறுபடி மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பள்ளியில் நாளைக்கே தேர்வு, அதனால் பழைய முறை எடுபட்டது. இங்கே வாரக்கணக்கில் மனதில் நிற்க வேண்டும். அன்றிலிருந்து நோட்டை மூடிவிட்டு எனக்கு ஒரு பாடமாவது சொல்லிக்காட்டுவாள். அந்தப் பருவ முடிவில் எல்லாவற்றிலும் தேறினாள்.

இன்னொருவன் பேராசிரியரின் அறைக் கதவுவரை போய்ப் போய்த் திரும்பிவிடுவான். சந்தேகத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தான், சட்டைப்பையில் மடித்து மடித்து அது நைந்தே போயிருந்தது. நானும் கூடப் போனேன். கதவைத் தட்டியது மட்டும்தான் என் வேலை. பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அடுத்த முறை என்னைக் கூப்பிடவில்லை, வகுப்புத் தோழன் ஒருவனை அவனே கூட்டிக்கொண்டு போனான்.

பின்தங்கியவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தனி வகுப்பு நடத்தாதீர்கள். பெயர் விழுந்துவிடும், வர மாட்டார்கள். அமெரிக்காவின் மிசௌரி - கான்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973-இல் தொடங்கிய துணைப்பயிற்சி முறையில் கடினமான பாடங்களைத்தான் அடையாளம் கண்டார்கள், மாணவர்களை அல்ல. அந்தப் பாடம் படிக்கிற யாரும் வரலாம். நாங்களும் அப்படியே வைத்தோம். நன்றாகப் படிக்கிறவர்களும் வந்ததால், கூச்சப்பட்டவர்கள் அவர்களோடு கலந்து உட்கார்ந்தார்கள்.

"நான் இந்த இடத்துக்கு உரியவன் இல்லை" என்ற எண்ணம் பலரையும் அரிக்கிறது. அது எல்லோருக்கும் வருவது, போகப்போகக் குறைவது என்று சீனியர்கள் சொன்ன அனுபவங்களைப் புதியவர்களுக்குப் படிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் வால்டனும் கோஹனும். ஒரு மணி நேரப் பயிற்சிதான். அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்ததாக 2011-இல் எழுதினார்கள். அதனால் உங்கள் முதல் பருவம் எப்படி இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டு, யாரோடும் பேசாமல் ஒதுங்கும் பிள்ளைக்கு நம் பேச்சு போதாது. பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள். அறை எண்ணைச் சொல்லி அனுப்பிவிடாமல் கூடவே போய், பேசி முடித்து வரும்வரை வெளியே காத்திருங்கள்.