புதுப்பிப்பு: சாம்பல் ஆந்தையைப் பார்த்துவிட்டோம்!

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் சாக்ஸ்-ஜிம் சதுப்புக்காட்டுக்குக் குழுவாகப் போகிறோம், பெரிய சாம்பல் ஆந்தை கண்ணில் படுமா, கேமரா பேட்டரி குளிரைத் தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம்.

முதல் நாள் மைனஸ் 24 டிகிரி. ஆந்தை இல்லை. கனடா ஜே பறவைகள் மட்டும் தீனியை எச்சிலால் ஒட்டி மரப்பட்டை இடுக்குகளில் ஒளித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் விடியலில், சாலையோர ஸ்ப்ரூஸ் மர உச்சியில் அது உட்கார்ந்திருந்தது. ஏழு பேரும் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. வட்டத் தட்டு மாதிரியான அந்த முகம் ஒலியைக் காதுக்குக் குவித்துக் கொடுக்கும். பனிக்கு அடியில் ஓடும் எலியைக் கேட்டே கண்டுபிடித்துவிடும். திடீரென்று சத்தமே இல்லாமல் இறங்கிப் பனிக்குள் பாய்ந்தது. எழுந்தபோது நகத்தில் எலி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தயவுசெய்து யாரும் படத்துக்காக இரை வைத்து ஆந்தையை இழுக்காதீர்கள். சாலைக்குப் பழகினால் வண்டியில் அடிபடும்.

அப்புறம் பேட்டரி: உள்சட்டைப் பையில் வைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி, நாள் முழுக்கத் தாங்கியது.

போரியல் சிக்கடி என்ற சின்னப் பறவை மட்டும் பார்க்கக் கிடைக்கவில்லை. பிப்ரவரியில் மறுபடி போகிறோம்.