சீகை வெட்டும் இடத்தில் புதர்த்தவளைக் கணக்கெடுப்பு: "இங்கே தவளை இல்லை" என்று எப்போது எழுதலாம்?

சோலைப்பாசி:
அனைவருக்கும் வணக்கம். பழனி மலையின் மேல்மட்டத்தில் (ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம்) பழைய சீகை (வாட்டில் மரம்) தோட்டம் ஒன்றின் ஒரு பகுதியை வெட்டி அகற்றத் திட்டம் இருக்கிறது. வெட்டுவதற்கு முன்னும் பின்னும் தவளைகளின் நிலை எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. மூன்று வகை இடங்களை எடுத்திருக்கிறோம்: இயற்கையான சோலை, வெட்டாமல் விடப்போகும் சீகை (அடியில் சோலை மரக்கன்றுகள் நன்றாக வந்திருக்கின்றன), வெட்டப்போகும் சீகை. முக்கிய இனம் ராவோர்கெஸ்டிஸ் டுபோய்ஸ் என்ற புதர்த்தவளை. ஓடை ஓரத்தில் காட்டிக்சாலஸ் ஆஸ்டெரோப்ஸ் மரத்தவளையையும் பார்க்க ஆசை.

ஆட்கள் நான்கு பேர், ஆடியோமாத் ஒலிப்பதிவுக் கருவி இரண்டு. காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று முறை போனால் போதும் என்று சொல்கிறார்கள். போதுமா? உயிரினங்கள் ஓடைத் தண்ணீரில் விட்டுச்செல்லும் டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தால் எல்லா இனமும் ஒரே அடியில் தெரிந்துவிடுமா? தவளைத் தோலில் நோய் உண்டாக்கும் கைட்ரிட் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் தோலைத் தடவி எடுக்கும் மாதிரி) எடுக்க வேண்டுமா? தவளையைப் பிடிக்காமலே முடிக்க முடியுமா?

ஓடைக்கல்:
மூன்று முறை போதாது. ஏன் என்று கணக்காகவே பார்த்துவிடலாம்.

தவளை இருக்கும் இடத்தில் ஒரு இரவில் அது உங்கள் காதில் விழும் வாய்ப்பு 0.3 என்று வையுங்கள். மூன்று இரவும் தவறவிடும் வாய்ப்பு 0.7 × 0.7 × 0.7, அதாவது 34 சதவீதம். இருக்கிற இடங்களில் மூன்றில் ஒன்றை "இல்லை" என்று எழுதுவீர்கள். அந்தப் பிழையை 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர எட்டு இரவு வேண்டும். வாய்ப்பு 0.5 ஆக இருந்தால் ஐந்தே இரவில் 3 சதவீதத்துக்கு வந்துவிடும். மழையில்லாத, காற்றடிக்கிற இரவில் வாய்ப்பு 0.1 தான் என்றால் மூன்று முறை போயும் 73 சதவீதம் தவறவிடுவீர்கள். ஆகவே எத்தனை முறை என்பதைவிட எந்த இரவு என்பது பெரிய கேள்வி. அந்தி மழை பெய்து ஓய்ந்து, இலை நனைந்து, காற்று அடங்கியிருக்கும் இரவுகளுக்கு ஆட்களைச் சேமித்து வையுங்கள். எல்லா இரவிலும் மழையளவு, வெப்பநிலை, ஈரப்பதம், காற்று ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால், கண்டறியும் வாய்ப்பையும் அங்கே தவளை வாழும் வாய்ப்பையும் தனித்தனியாக மதிப்பிடும் புள்ளியியல் மாதிரியில் (occupancy model) அவற்றைச் சேர்க்கலாம்.

உங்கள் ஆள்பலத்துக்கு ஒரு திட்டம்: வகைக்கு 10 புள்ளி, மொத்தம் 30. புள்ளிகளுக்கு இடையே குறைந்தது 100 மீட்டர். ஒவ்வொன்றிலும் வந்து நின்று, விளக்கை அணைத்து 3 நிமிடம் சும்மா இருங்கள். பிறகு 10 நிமிடம் கேளுங்கள். ஓர் இரவில் ஆறு புள்ளி முடியும், ஐந்து இரவில் ஒரு சுற்று, ஐந்து சுற்றுக்கு 25 இரவு. ஒவ்வொரு சுற்றிலும் புள்ளிகளின் வரிசையை மாற்றுங்கள். சோலையை எப்போதும் ஏழு மணிக்கும் சீகையை எப்போதும் பத்து மணிக்கும் பார்த்தால், நீங்கள் அளப்பது மணியைத்தான், காட்டை அல்ல. ஆட்களையும் அதேபோல மாற்றி அனுப்புங்கள்.

இதில் பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒரு பொறி உண்டு. மரம் வெட்டிய பிறகு ஒலி தூரம் போகும். முன்பு 25 மீட்டரில் மங்கிய குரல் இப்போது 60 மீட்டரில் இருந்தும் கேட்கும். வெட்டிய திடலுக்கு வெளியே கூவும் தவளையை உள்ளே இருப்பதாக எழுதி, "அகற்றியும் பாதிப்பில்லை" என்று முடித்துவிடுவோம். எனவே முதல் நாளிலிருந்தே 20 மீட்டர் வட்டத்துக்குள் கேட்பதை மட்டும் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். தூரத்தைக் கண்ணால் அளக்கப் பழக, பகலில் நாடா பிடித்து நான்கு மரங்களில் அடையாளம் கட்டினால் போதும்.

வெட்டாத சீகையை நீங்கள் சேர்த்திருப்பது மிகச் சரி. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் எல்லா இடத்திலும் குரல் குறையும். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் மழை செய்ததை மரவெட்டின் மேல் எழுதுவோம்.

தண்ணீர் டிஎன்ஏ பற்றி: ராவோர்கெஸ்டிஸ் இனங்களுக்கு அது உதவாது. அவை ஈரமான இலைச்சருகிலோ புல் அடியிலோ இலையிலோ முட்டையிடுகின்றன. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து குட்டித்தவளையாக வெளிவருகின்றன, நீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. ஓடையில் தடம் இல்லை என்பதால் காட்டில் இல்லை என்றாகாது. காட்டிக்சாலஸ் அப்படியல்ல. ஓடைக்கு மேலே நுரைக்கூடு கட்டும், தலைப்பிரட்டை ஓடையில் வளரும். அதற்கு இந்த முறையை யோசிக்கலாம். ஆனால் பெருமழையில் தடம் கரைந்து போகும், அந்த இனத்தின் ஒப்பீட்டு டிஎன்ஏ வரிசை கையில் இருக்க வேண்டும், தூய நீரை அதே வகைப் புது வடிகட்டியில் ஓட்டிய வெற்று மாதிரியும் ஒவ்வொரு நாளும் வேண்டும். உங்கள் அளவு வேலைக்கு, மழை விட்ட இரவில் ஓடையோரம் டார்ச் பிடித்து 100 மீட்டர் மெதுவாக நடப்பதே மலிவும் நம்பகமும்.

உதகை_ஈரம்:
மேலே சொன்னது எல்லாத்தையும் ஒத்துக்கிறேன். ரெக்கார்டர் பக்கம் மட்டும் சொல்றேன்.

இரண்டு கருவியை வச்சு 30 புள்ளியையும் மூட முடியாது. வெட்டப்போற சீகையில ஒண்ணு, வெட்டாத சீகையில ஒண்ணுன்னு நிலையா வச்சுடுங்க. காதால கேக்குற கணக்கை அதோட ஒத்துப் பார்க்கலாம், ஒரே இரவுல குரல் எப்போ உச்சத்துக்குப் போகுதுன்னும் தெரியும். 48 கிலோஹெர்ட்ஸ், மாலை 6 முதல் காலை 6 வரை, அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிடம். நிமிடத்துக்கு 5.8 எம்பி, ஒரு இரவுக்கு 690 எம்பி சொச்சம். 64 ஜிபி அட்டை தொண்ணூறு இரவு தாங்கும், அதுக்கு முன்னால பேட்டரி தீரும். மூணு ஏஏ பேட்டரி, அல்கலைன் போடுங்க. சாதாரண கார்பன் பேட்டரி நம்ம குளிருக்கு ஆகாது. பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு, பதினைஞ்சு நாளைக்கு ஒருமுறை மாத்துங்க. ஈரம் மைக் வாயில படிஞ்சா பதிவு சத்தமில்லாம மங்கிடும், கருவி ஓடிக்கிட்டே இருக்கும், வீட்டுக்கு வந்து பார்த்தாத்தான் தெரியும்.

மரத்துல ஒன்றரை மீட்டர் உயரம், காத்து அடிக்காத பக்கம். பெட்டி மேல இலைத்தண்ணி சொட்டுற இடம் வேண்டாம், ஒவ்வொரு சொட்டும் பதிவுல குண்டு விழுந்த மாதிரி இருக்கும். ஓடையிலிருந்து 20 மீட்டராவது தள்ளி வைங்க.

குரலை அடையாளம் காண்றப்போ வெப்பநிலை இல்லாம எந்தப் பதிவும் முழுசாகாது. குளிர்ல கூவுற வேகம் குறையும், துடிப்புகளுக்கு நடுவுல இடைவெளி கூடும். அதே தவளை 10 டிகிரியிலயும் 17 டிகிரியிலயும் ரெண்டு இனம் மாதிரி தெரியும். வேகத்தை மட்டும் நம்பாதீங்க, அலைவெண்ணையும் சேர்த்துப் பாருங்க. அது உடல் அளவோட போகும், வெப்பநிலைக்கு அவ்வளவு அசையாது.

இன்னொண்ணு. நீலகிரிப் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு பழனியில இனம் பிரிக்காதீங்க. நடுவுல பாலக்காட்டுக் கணவாய் இருக்கு. புதர்த்தவளையில டின்னியன்ஸ், சிக்னேட்டஸ் எல்லாம் எங்க பக்கம், டுபோய்ஸ் உங்க பக்கம். காட்டிக்சாலஸ்லயும் அப்படித்தான்: வேரியாபிலிஸ் நீலகிரி, ஆஸ்டெரோப்ஸ் பழனி, இதைத் தனி இனம்னு விவரிச்சதே 2008ல தான். நிறம் ஒரே இனத்துக்குள்ளயே பச்சை, பழுப்பு, கோடு போட்டது, போடாததுன்னு மாறும், அதை வச்சு முடிவு பண்ணவே கூடாது. குரலும், குரல்பை விரிஞ்ச படமும், அளவும் மூணும் சேரணும்.

களக்குறிப்பு:
ஸ்வாப் பற்றி நேராகச் சொல்கிறேன்: முன்கூட்டியே ஒரு ஆய்வகம் க்யூ-பிசிஆர் (பூஞ்சையின் டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் சோதனை) செய்து தர ஒப்புக்கொண்டிருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். பெட்டியில் கிடந்து வீணாகும் ஸ்வாப்புக்காக ஒரு தவளையைக்கூடக் கையில் எடுக்கக் கூடாது.

கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது 2011 முதல் பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் நடந்தது போன்ற கூட்டச் சாவு இங்கே பதிவாகவில்லை. ஆகவே நீங்கள் எடுப்பது நோயின் ஆதாரம் அல்ல, அடிப்படை அளவு. அதற்கும் எண்ணிக்கை வேண்டும். எடுத்த அனைத்திலும் பூஞ்சை இல்லை என்று வந்தால், மெய்யான பரவல் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு மூன்றை எண்ணிக்கையால் வகுங்கள்: 20 ஸ்வாப்பில் 15 சதவீதம், 60 ஸ்வாப்பில் 5 சதவீதம். பரவல் குறைவாக உள்ள நம் மலையில் 20 ஸ்வாப் எடுத்து "பூஞ்சை இல்லை" என்று எழுதுவது, மூன்று இரவு போய் "தவளை இல்லை" என்று எழுதுவதற்கு ஒப்பானது. தலைப்பிரட்டைப் பருவம் இல்லாத இனம் என்பதால் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். போர்ட்டோ ரிகோவின் கோக்வித் தவளைகளும் நேரடி வளர்ச்சி இனங்கள்தான். வறண்ட குளிர் மாதங்களில் ஈரமுள்ள சிறு இடங்களில் அவை நெருங்கி ஒதுங்கும்போது தொற்று கூடுகிறது. மேல்மலையின் குளிர் இந்தப் பூஞ்சைக்குத் தடையும் இல்லை. அது 4 முதல் 25 டிகிரி வரை வளரும், 17க்கு மேல் செழிக்கும்.

எடுப்பதானால்: ஒரு தவளைக்கு ஒரு புதிய நைட்ரைல் கையுறை, ஒரு புதிய பை. நுனி மெல்லிய உலர் ஸ்வாப்பைச் சுழற்றிக்கொண்டே வயிற்றில் 10 முறை, இரு தொடையின் உட்புறமும் ஐந்தைந்து, இரு பின்னங்காலின் விரலடியிலும் ஐந்தைந்து, மொத்தம் 30. உடலில் மண் ஒட்டியிருந்தால் முதலில் தூய நீர் தெளித்துக் கழுவுங்கள். மண்ணில் உள்ள மட்குப் பொருள் பிசிஆரைத் தடுத்து, இருப்பதையும் இல்லை என்று காட்டும். ஆய்வகத்தில் இந்தத் தடையைக் காட்டிக்கொடுக்கும் அகக் கட்டுப்பாட்டு மாதிரி போடச் சொல்லுங்கள். தடை தெரிந்தால் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் கட்டுப்பாடு இருப்பதால் பைகளை எண்ணிக் கொண்டுபோய், எண்ணித் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

ஸ்வாப் எடுக்காவிட்டாலும் இதை விட முடியாது: காலணி சுத்தம். ஒரு சோலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஈரச் சேறுதான் நாமே பூஞ்சையைச் சுமக்கும் வழி. முதலில் பிரஷ் போட்டுச் சேற்றை முழுக்க எடுங்கள், சேறு இருந்தால் எந்த மருந்தும் வேலை செய்யாது. பிறகு விர்கான் கிருமிநாசினியின் 1 சதவீதக் கரைசல், லிட்டருக்கு 10 கிராம், பத்து நிமிடம் நனைந்திருக்கட்டும். இளஞ்சிவப்பு நிறம் வெளுத்தால் கரைசல் செத்துவிட்டது, மாற்றுங்கள். அது கிடைக்காவிட்டால் 4 சதவீத ப்ளீச் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், அன்றன்று கலந்தது. அளவுகோல், டார்ச் போன்றவற்றுக்கு 70 சதவீத எத்தனால் ஒரு நிமிடம். இவை எல்லாமே தலைப்பிரட்டைக்கு நஞ்சு. ஓடைக்கரையில் வேண்டவே வேண்டாம், வண்டி நிற்கும் இடத்தில் வாளியில் செய்யுங்கள். கழுவிய நீரை ஓடைக்கு வடியும் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

சோலைப்பாசி:
மிக்க நன்றி. ஸ்வாப்பை இந்த ஆண்டு விட்டுவிடுகிறோம், காலணி சுத்தம் கட்டாயம். இரண்டு சந்தேகம். அட்டைப்பூச்சிக்கு உப்பும் டெட்டாலும் தடவிக்கொள்கிறோம், பரவாயில்லையா? பிடிக்காமல் கேட்பதற்கு மட்டும் அனுமதி வேண்டுமா?

ஓடைக்கல்:
உப்பு, புகையிலை, டெட்டால், கொசு விரட்டி எதுவும் வேண்டாம். தவளையின் தோல் இவற்றை அப்படியே உள்ளே இழுக்கும், ஈர இலையைத் தொட்டாலே கையில் உள்ளது அங்கே போய்விடும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் அட்டைச் சாக்ஸ் தைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கட்டாயம் வேண்டும். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது, அதற்குள் ஆய்வுக்கு நுழையவே தனி அனுமதி தேவை. வனவிலங்குச் சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்குள் பிடிப்பதும் அடங்கும், கையில் எடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விண்ணப்பத்தில் இனவாரியாக எழுதுங்கள். மாவட்ட வன அலுவலர் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போக வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், அக்டோபர் வேலைக்கு இப்போதே எழுதுவது நல்லது. இரவில் காட்டுமாடு நடமாட்டம் அதிகம், வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் கூட வருவதாகவே திட்டமிடுங்கள். அவர்களுக்கு எந்த ஓடையில் எப்போது குரல் கேட்கும் என்பது தெரியும். அறிக்கையில் அவர்கள் பங்கையும் எழுதுங்கள்.

வெட்டும் தரப்போடு இப்போதே பேசி இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, முட்டையிடும் மழைமாதங்களில் வெட்ட வேண்டாம். மரத்தை இழுக்கும்போது சருகுப் படுகையே உரிந்து போகிறது, முட்டை இருப்பது அதில்தான். இரண்டு, மொத்தத்தையும் ஒரே வீச்சில் திறக்காமல், சோலைக் கன்று இருக்கும் பகுதியில் நிழலை விட்டுவிட்டுப் படிப்படியாக எடுக்கட்டும். சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். வெயில் பட்டால் நாற்றங்கால் போல முளைத்து, தவளைக்கும் ஆகாது, புல்லுக்கும் ஆகாது. புல்வெளியாகவே இருந்த இடமா, சோலையாக இருந்த இடமா என்பதைப் பார்த்துத்தான் எதை மீட்பது என்று முடிவு செய்ய வேண்டும். வெட்டிய அடுத்த ஆண்டின் கணக்கோடு நிறுத்தாதீர்கள், மூன்று பருவமாவது ஓட்டுங்கள். வெட்டிப் போட்ட கிளைக் குவியலில் முதல் ஆண்டு ஈரம் தங்கும், அதில் ஒதுங்கும் தவளைகள் நிலைமை நன்றாக இருப்பது போலக் காட்டும்.

உதகை_ஈரம்:
ஒரு விஷயம் சேர்த்துக்கிறேன். காட்டிக்சாலஸ் கிடைச்சா இடத்தோட துல்லிய ஆயத்தொலைவை எந்தப் பொதுத்தளத்திலயும் போடாதீங்க. படம் எடுக்க வர்றவங்க கல்லைப் புரட்டுறாங்க, தவளையை இடம் மாத்தி உட்கார வைக்கிறாங்க, நுரைக்கூடு இருக்கிற கிளையை வளைக்கிறாங்க. இருப்பிடத்தை மறைக்கிற அமைப்பைப் போட்டுட்டு, துல்லிய எண்ணை வனத்துறைக்கும் உங்க ஆய்வேட்டுக்கும் மட்டும் வைங்க. பதிவு அட்டையில இனம், மணி, வெப்பநிலை, ஈரப்பதம், கடைசி 24 மணி நேர மழை, குரல் குறியீடு 0 முதல் 3 வரை (0 ஒண்ணுமில்லை, 1 தனித்தனியா எண்ணலாம், 2 குரல் மேல குரல் ஏறுது ஆனா எண்ணலாம், 3 எண்ணவே முடியாது), கேட்டவர் பேரு, இவ்வளவும் இருக்கணும். ஒண்ணும் கேக்காத இரவுக்கும் 0 போட்டு அட்டையை முழுசா நிரப்புங்க. வெறும் கட்டமா விட்டா, போனதா போகலையான்னு பிறகு யாருக்கும் தெரியாது.