நரம்பு டெஸ்ட் நார்மல் என்கிறார்கள், அம்மாவுக்கோ ராத்திரி தூக்கமே இல்லை

செந்தில்_ஒட்டன்சத்திரம்:
வணக்கம். அம்மாவுக்கு 56 வயது, பத்துப் பன்னிரண்டு வருடமாக சுகர். கொஞ்ச நாளாக உள்ளங்கால் இரண்டிலும் பயங்கர எரிச்சல். பகலில் வேலை ஓட்டத்தில் எப்படியோ சமாளித்துவிடுகிறார், ராத்திரி படுத்தால் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரிகிறது என்கிறார். போர்வை கால்மேல் பட்டாலே தாங்கவில்லை, எழுந்து போய் பாத்ரூம் ஈரத்தரையில் நிற்கிறார்.

டாக்டர் என்சிவி டெஸ்ட் (ஷாக் கொடுத்து நரம்பில் சமிக்ஞை போகிற வேகத்தை அளப்பது) எழுதிக் கொடுத்தார், எடுத்தோம். சூரல், பெரோனியல், டிபியல் என்று கால் நரம்புகளின் பெயர் போட்டுப் பக்கம் பக்கமாக எண்கள், கடைசியில் எல்லாம் நார்மல் என்று போட்டிருக்கிறது. உடனே "நரம்பில் ஒன்றும் இல்லை, மனக்கவலைதான்" என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது வீட்டிலும் அதையே பேச ஆரம்பித்துவிட்டார்கள், அம்மா அழுகிறார்.

எனக்குப் புரியாத இன்னொரு விஷயம், சுகர் மோசமாக இருந்த காலத்தில் கால் நன்றாகத்தான் இருந்தது. மூன்று மாத சுகர் சராசரி (HbA1c) 11.8 இருந்தது, இன்சுலின் ஆரம்பித்து மூன்றே மாதத்தில் 7.2க்கு வந்துவிட்டது. சுகர் குறைந்த பிறகு எரிச்சல் வருமா? மெஷின் தப்பாகக் காட்டியிருக்குமா, வேறு இடத்தில் திரும்ப எடுக்கலாமா, இல்லை தசையில் ஊசி குத்திப் பார்க்கிற ஈஎம்ஜி எடுக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப்_மணி:
தம்பி, நான் என்சிவி எடுக்கிற டெக்னீசியன், மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். மெஷின் தப்பாகக் காட்டியிருக்க வேண்டியதில்லை. அந்த மெஷின் பார்க்கிற நரம்பு வேறு, உங்கள் அம்மாவுக்கு எரிகிற நரம்பு வேறு.

ஒரே நரம்புக்குள் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கும். மையலின் உறை போர்த்திய தடித்த இழைகள் விநாடிக்கு 40லிருந்து 60 மீட்டர் வேகத்தில் சமிக்ஞை கடத்தும், தொடுவது, அதிர்வு, கால் எங்கே இருக்கிறது என்கிற உணர்வு எல்லாம் அதில்தான் போகும். எரிச்சலையும் சூட்டையும் கொண்டுபோகிற மெல்லிய இழைகளுக்கு உறையே கிடையாது, வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். தோல்மேல் ஒட்டுகிற எலக்ட்ரோடில் தடித்த இழைகளின் அலைதான் பதிவாகும், மெல்லியவற்றின் சத்தம் நமக்குக் கேட்காது. அதனால் நார்மல் ரிப்போர்ட் என்றால் தடித்த இழைகள் நன்றாக இருக்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம். மெல்லிய இழைகள் கெட்டிருந்தால் இந்த டெஸ்டில் தெரியவே தெரியாது.

சூரலை எடுக்கும்போது வெளிக் கணுக்காலுக்குப் பின்னால் எலக்ட்ரோடு ஒட்டி, அதிலிருந்து 14 செ.மீ. மேலே கெண்டைக்காலில் ஷாக் கொடுப்போம். வருகிற அலை சில மைக்ரோவோல்ட்தான், அதனால் பல முறை தட்டிச் சராசரி எடுக்க வேண்டியிருக்கும். அம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சுரீர் என்று இருந்திருந்தால் அது இதனால்தான். ரிப்போர்ட்டில் சூரல் அலை உயரம் எவ்வளவு, கால் வெப்பநிலை குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஏசி அறையில் கால் சில்லிட்டிருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் வேகம் 2 மீட்டர் வரை குறையும், நல்ல நரம்பே நோய் மாதிரி தெரியும். உங்கள் அம்மாவுக்கு எல்லாம் நார்மல் என்றே வந்திருப்பதால், குளிரால் வேகம் குறைந்து காட்டியது என்கிற சந்தேகம் வேண்டாம். அதனால் வேறு இடத்தில் திரும்ப எடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள். ஈஎம்ஜியும் தசைக்கும் அதை இயக்குகிற நரம்புக்கும்தான், வெறும் எரிச்சலுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

திருப்பூர்_தையல்:
இந்த டெஸ்டே சும்மா காசு பிடுங்கத்தான் என்று எங்கள் கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ராத்திரியில் பெருவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் எழுந்து கையை உதறுவேன். கழுத்து எலும்பு தேய்மானம் என்று சொல்லி கழுத்துக்கு பெல்ட் போட்டுக்கொண்டு திரிந்தேன். கடைசியில் வேறொரு டாக்டர் என்சிவி எடுக்கச் சொன்னார். மோதிர விரலுக்கு இரண்டு பக்கமிருந்தும் இரண்டு நரம்பு வருமாம், இரண்டையும் தனித்தனியாகத் தட்டி எது லேட்டாக வருகிறது என்று பார்த்தார்கள். மணிக்கட்டு வழியாக வருகிற மீடியன் நரம்பு நன்றாகவே லேட், அங்கே அழுத்தம் இருக்கிறதாம். ஆபரேஷன் செய்தேன், இப்போது தூங்குகிறேன். அதனால் டெஸ்ட் மேல் தப்பில்லை, எதற்கு எடுக்கிறோம் என்பதுதான் விஷயம் போல.

லேப்_மணி:
ஆமாம் அக்கா, இப்படி ஓரிடத்தில் அழுத்தம் இருந்தால் கண்டுபிடிக்க இதைவிட நல்ல டெஸ்ட் இல்லை. ஆனால் இடுப்பில் டிஸ்க் நரம்பு வேரை அழுத்தி காலில் மரத்துப்போனால், காலில் எடுக்கிற உணர்வு நரம்புப் பதிவு பெரும்பாலும் நார்மலாகவே வரும். அழுத்தம் இருப்பது முதுகெலும்பை ஒட்டியிருக்கிற நரம்பு முடிச்சுக்கு உள்பக்கம், நாங்கள் பதிவு செய்வது அதற்கு வெளிப்பக்கம். அங்கே ஈஎம்ஜி உதவும்.

சுகர் இருக்கிற எல்லோருக்கும் எடுக்க வேண்டுமென்று இல்லை. ஒரு பக்கம் மட்டும் மரத்தால், கைகால் வேகமாகப் பலவீனம் ஆனால், சுகர் கணக்கோடு பொருந்தாத மாதிரி இருந்தால், அப்போது கட்டாயம். அதிலும் குய்லன்பாரே மாதிரி, பலவீனம் காலிலிருந்து வேகமாக மேலே ஏறுகிற நரம்பு வியாதியில் முதல் வாரத்தில் டெஸ்ட் நார்மலாகவே வரலாம், ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. அப்புறம் நம் ஊரில் யாருக்காவது தோலில் உணர்ச்சியில்லாத தேமல், முழங்கை பக்கம் நரம்பு கயிறாகத் தடித்திருந்தால் தொழுநோயை மறக்காதீர்கள், அதற்கு மருந்து அரசு தரப்பில் இலவசம்.

கிராமத்து_டாக்டர்:
செந்தில், மணி சொன்னது சரி. சுகர் குறைந்த பிறகு எரிச்சல் வருமா என்று நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

ரொம்ப நாள் ஏறியிருந்த சுகரைச் சட்டென்று இறக்கினால் சிலருக்கு மெல்லிய இழைகள் தாக்கப்பட்டு இப்படிக் கடும் எரிச்சல் வரும். பழைய புத்தகங்களில் இன்சுலின் நியூரைட்டிஸ் என்று போட்டிருக்கும், சுகர் மாத்திரையால் இறக்கினாலும் வரலாம். மூன்று மாதத்தில் அந்தச் சராசரி 2 புள்ளிக்கு மேல் குறைந்து, சில வாரங்களில் வலி ஆரம்பித்திருந்தால் சந்தேகப்படுவோம். உங்கள் அம்மாவுக்கு 4.6 குறைந்திருக்கிறது. நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் மனக்கவலை என்று ஒதுக்குகிற கதை இது இல்லை.

முக்கியம்: இதைப் படித்துவிட்டு இன்சுலினை நிறுத்தாதீர்கள். இந்த வகை எரிச்சல் பலருக்கு மாதக்கணக்கில் மெதுவாகத் தணியும், அதுவரை ப்ரிகாபலின், டுலோக்செட்டின் மாதிரி நரம்பு வலி மருந்துகள் இருக்கின்றன, அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கண் விழித்திரையையும் பரிசோதியுங்கள், இதே சமயத்தில் அங்கேயும் பாதிப்பு கூடலாம். மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிட்டால் பி12 பாருங்கள், தைராய்டும் பாருங்கள். நரம்பு டாக்டர் குச்சி முனையாலும் சில்லென்ற ட்யூனிங் ஃபோர்க்காலும் தொட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் கணுக்காலுக்கு மேலே 3 மி.மீ. தோல் துணுக்கு எடுத்து அதில் நரம்பு முனைகளை எண்ணுவார்கள், அது எல்லா ஊரிலும் கிடைக்காது, எல்லோருக்கும் தேவையும் இல்லை.

செந்தில்_ஒட்டன்சத்திரம்:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். சூரல் அலை உயரம் 11 மைக்ரோவோல்ட், வேகம் 46 மீட்டர் என்று இருக்கிறது. வெப்பநிலை எங்கும் குறிக்கவில்லை. மெட்ஃபார்மின் ஆரம்பத்திலிருந்தே சாப்பிடுகிறார், பி12 இதுவரை யாரும் பார்க்கச் சொல்லவில்லை, நாளைக் காலையே ரத்தம் கொடுக்கிறோம். ஒரு சந்தேகம், ஈரத்தரையில் நிற்பது கெடுதலா?

கிராமத்து_டாக்டர்:
நிற்பதைவிட வழுக்கி விழுவதுதான் பயம். ஐஸ் கட்டி வைக்க விடாதீர்கள், வெந்நீரில் காலை விடவும் விடாதீர்கள், சூடு சரியாகத் தெரியாமல் கொப்பளம் வந்துவிடும். மின்விசிறியை கால் பக்கம் திருப்பி, கால்மாட்டில் ஒரு ஸ்டூல் வைத்துப் போர்வையைக் காலில் படாமல் தூக்கிவிடுங்கள். பி12 ஊசி ஏதாவது போடுவதாக இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகு போடச் சொல்லுங்கள், முன்னாலேயே போட்டால் அளவு ஏறிக் காட்டும்.

லேப்_மணி:
46, 11 இரண்டுமே நல்ல எண்கள் தம்பி. நரம்பு டாக்டரிடம் போகும்போது கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துப் போகாமல், அலை வரைந்திருக்கிற பக்கங்களையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். நார்மல் என்ற வரியைவிட அவர் அலையைத்தான் பார்ப்பார். பழைய சுகர் ரிப்போர்ட்டுகளையும் தேதிவாரியாக அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.